பெரியாயி திறக்காத கூடை

அஞ்சி நிற்கும் உயிரையும் அச்சுறுத்தி நிற்கும் உயிரையும் வெளியிலிருந்து பார்ப்பவன் எதைக் கொண்டு பிரித்தறிவது? இரண்டும் உடம்பைப் பெருக்கிக்கொள்கின்றன. இரண்டும் பல்லைக் காட்டுகின்றன. கிட்டே போனால் கடிபடலாம் என்பதும் இரண்டுக்கும் பொது. இலங்கையின் ஊவா மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே, மூங்கிலோடைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியாயியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. எழுப்பியதோடு சரி, விடையை அவள் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வி முதலில் வந்து தைத்தது சிவஞானத்துக்கு. அவர் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்டிருந்த காலம் அது. பதுளைக்கு உப்பும் கருவாடும் மாட்டு வண்டிகளிலும், தவளம் என்று சொல்லப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களிலும்தான் வந்து சேர்ந்தன. சிவஞானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று நின்று, கொழுந்தை நனைத்துக் கொண்டுவந்தவள் யார், கூடைக்கு அடியில் கல்லை வைத்தவள் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். சந்தேகம் அவருக்குச் சோறு போட்ட தொழில். அதை அவர் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தார். முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

பெரியாயி மணப்பாறைப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த ஒரு கூட்டத்தில் அவளும் இருந்தாள். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். விழுந்தவர்களில் அவளுக்கு யார் யார் என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. மழை நாளில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய பிறகு கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் போயிற்று. தோட்டத்தை நிர்வகித்த துரை அவளைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளையும் தத்தி நடக்கும் பிள்ளைகளையும் விட்டுப்போகும் தகரக் கொட்டகை அது.

பெரிய உடம்புக்காரி. யாராவது கிட்டே வந்தால் அவள் தோள்கள் இரண்டும் உயரும். மூச்சு மூக்கு வழியாகச் சத்தத்தோடு வெளியே வரும். காவி ஏறிய பற்கள் தெரியும்.

"அக்கா, புள்ளைக்கு நேத்து என்னா குடுத்தீங்க?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டால் போதும்.

"கல்லும் மண்ணும் குடுத்தேன். பொறுக்கலன்னா ஒன் முதுகுலயே கட்டிக்கிட்டு மலைக்குப் போ."

"ஏங்க்கா, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டுட்டல்ல? போ. பெரட்டு முடிஞ்சிரும்."

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பெண்கள் திரும்பி நடக்கும்போது, இவளோடு பேசுவதைவிட அட்டைக்கடி மேல் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் பிள்ளைகள் அவளிடம் அழுவதில்லை. அவள் அடுப்பை ஊதினால் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போனால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். இதைக் கண்டு மற்றவர்கள் அதிசயித்தார்கள். சிவஞானம் அதிசயிக்கவில்லை. பெரியவர்களிடம் இப்படிச் சீறும் ஒருத்தியிடம் பிள்ளைகள் இவ்வளவு அடங்கிக் கிடப்பதென்றால் எதையோ கொடுத்துத்தான் அடக்குகிறாள், அபினாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். ஒரு தடவை திடீரென்று உள்ளே நுழைந்தும் பார்த்தார். அபின் இல்லை. பிள்ளைகள் மட்டும் அவரைக் கண்டதும் ஒன்றையொன்று பார்த்து வாயைப் பொத்திக்கொண்டன. அது அவர் மனத்தில் முள்ளாக நின்றது.

பிறகு ஒரு நடுப்பகலில் அந்தக் காரியம் நடந்தது. ரசம் சோறு தின்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி எடுத்தன. மலையில் இருந்த பெண்கள் கூடைகளைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். எல்லாரையும்விட மோசமாகக் கிடந்தது இராமையாவின் பேத்தி. இராமையா அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி; ஆட்களைச் சேர்ப்பதும் விரட்டுவதும் அவர் கையில் இருந்தது. ஹாலிஎலையிலிருந்து மருந்துக்காரர் வந்து பார்த்தார். பிள்ளைகள் எல்லாம் தேறின. கங்காணியின் பேத்தி மட்டும் துவண்டுபோய்ப் பாலைக்கூடத் தாங்காமல் கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்து விறகுக்காரன் அழகர் பிள்ளைக் காம்பராவுக்கு விறகு போடப் போனான். போனவன் விறகைப் போடாமலே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடிவந்தான்.

"சத்தியமாச் சொல்றேன், அடுப்புக்குப் பக்கத்துல ஒரு மண்ணெண்ண டின்னு. மேல பலகை. தூக்கிப் பாத்தா மஞ்சளும் கறுப்புமா வரி வரியா ஒன்னு படுத்திருக்கு. பல்லி மாதிரி, ஆனா இம்புட்டு நீளம். என்னயப் பாத்து ஒடம்ப உப்பிக்கிட்டு வாயப் பொளந்துச்சு பாரு, எம் மாமியாகூட அப்புடிப் பொளந்ததில்ல!"

சிரித்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் கபரகொயா என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

கபரகொயா தண்ணீர்க் கரைகளில் திரியும் பெரிய உடும்பு இனம். உடும்பைச் சுட்டுத் தின்கிறவர்களும் இதைத் தொடமாட்டார்கள். சந்தைக்கு வரும் கிராமத்துக்காரர்கள் இதைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள்: கபரகொயாவை நெருப்பருகே கட்டிப்போட்டால் சூடு தாங்காமல் அதன் வாயிலிருந்து நுரை வடியும், அதைப் பகைவன் சோற்றில் கலந்துவிட்டால் போதும். இந்தக் கதையை மூங்கிலோடைத் தோட்டத்தில் கேள்விப்படாதவர் இல்லை, சோதித்துப் பார்த்தவரும் இல்லை. இப்போதோ அடுப்பு இருந்தது, அடுப்பருகே விலங்கு இருந்தது, சோறு தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்திருந்தன, யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியும் இருந்தாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. பொருந்துவதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வது மனிதருக்கு இலகு. பொருந்தாமல் மிஞ்சுவதைத் தேடுவது மிகவும் சிரமம்.

இராமையா நேரே கணக்கப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார்.

"பேத்தி கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்க. அந்தப் பெரியாயிக்குப் புள்ள இல்ல, அதான் ஊராம் புள்ளையக் கண்டா வயிறு எரியுது. இன்னைக்கே அடிச்சு வெரட்டுவோம்."

"துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா கங்காணி?"

"சொல்லிட்டுத்தான் வாரேன். நாளை மக்காநாள் பெரட்டுல எல்லாத்துக்கும் முன்னால வெசாரிக்கணுமாம். நெசம்னா அப்புடியே தோட்டத்த விட்டு அனுப்பச் சொல்லிட்டாரு. பத்துச்சீட்டும் கெடையாது."

பத்துச்சீட்டு என்பது வேலையை விட்டு விலகும்போது தோட்டத்தில் கொடுக்கும் சீட்டு. அது இல்லாத ஆளை ஊவாவில் எந்தத் தோட்டமும் சேர்க்காது. பிசகிய இடுப்போடு பெரியாயி போகக்கூடிய இடம் பதுளைக் கடைத்தெருவின் ஓரம் ஒன்றுதான். அது கங்காணிக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும்.

சிவஞானம் பிள்ளைக் காம்பராவுக்குப் போனார். பிள்ளைகள் இல்லாத கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. பெரியாயி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அது எங்க?"

அவள் கையால் காட்டினாள். டின்னின் பக்கத்தை வெட்டி விரித்து, பாதி மணலும் பாதி தண்ணீருமாக வைத்திருந்தாள். அடுப்புச் சாம்பலின் சூடு படும் பக்கத்தில், மணல்மேல், முழங்கையளவு நீளத்தில் அது கிடந்தது. மங்கிய மஞ்சள் உடம்பில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். முதுகில் முள் வரிசை. கண்ணின் நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அவர் குனிந்ததும் அதன் விலா இருபுறமும் வீங்கியது. நான்கு காலில் எழும்பி நின்று, ஊசிப் பற்கள் தெரிய வாயை அகலத் திறந்தது. உலைமூடி ஆவியைத் தள்ளுவதுபோல ஒரு சீறல். சிவஞானம் பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

"அது பயந்துருக்கு," என்றாள் பெரியாயி.

"பயந்துருக்கா? கடிக்க வருது!"

"நீங்க தள்ளி நில்லுங்க. தானா வாய மூடிரும்."

அவர் தள்ளி நின்றார். சற்று நேரம் அது அப்படியே வாயைத் திறந்தபடி நின்றது. பிறகு மெல்ல மூடியது. வீங்கிய உடம்பு இறங்கியது. இவ்வளவு சிறியதா என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய உடனே, இவள் இதை எப்படி அறிந்தாள், இதோடு எத்தனை நாள் பழகியிருக்கிறாள் என்ற சந்தேகமும் வந்தது.

"எங்க புடிச்ச?"

"பீலியில விழுற ஊத்துத் தண்ணி போற கான் வாய்க்கால்ல கெடந்துச்சு. குளுருல வெறச்சுப் போயி. செத்துருச்சுன்னு நெனச்சு எடுத்தேன்."

"எதுக்குக் கொண்டுவந்து அடுப்புகிட்ட வச்ச?"

"குளுருச்சுன்னு சொன்னேன்ல."

"புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"அதுகதான் பேரு வச்சுச்சு. வாப்பொளந்தான்னு. தவக்காயும் தட்டானும் புடிச்சாந்து போடும். வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிருந்தேன்."

"ஏன்?"

"சொன்னா இப்புடித்தான் வருவீங்க."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டதன் காரணம் அவருக்கு இப்போது தெரிந்தது. ஒரு சந்தேகம் தீர்ந்தால் மனம் ஓய்வதில்லை, அடுத்ததைத் தேடும். அவர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பித்தளைப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. வெளிப்புறம் புகை படிந்து கறுத்திருந்தது. நிமிர்த்தினார். உள்ளே வெள்ளி போல மின்னியது. அன்றுதான் பூசியது போன்ற புது ஈயம்.

"எப்ப ஈயம் பூசுனது?"

பெரியாயி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "நேத்து. கங்காணி ஆளக் கூட்டியாந்தாரு."

"புள்ளைங்க வாந்தி எடுத்ததுக்கு அப்பறமா?"

அவள் சாம்பலைக் கிளறினாள்.

"முன்னாடி எப்புடி இருந்துச்சு?"

"பச்சப் பச்சையா களிம்பு. தீவாளிக்கு முந்தியே சொன்னேன் கங்காணிகிட்ட. பாப்போம் பாப்போம்னாரு."

"அப்பறம் ஏன் அதுல புளி ஊத்தி ரசம் வச்ச?"

இந்தத் தடவை அவள் தோள்கள் உயர்ந்தன. மூச்சு சத்தத்தோடு வந்தது.

"வேற பானை யாரு குடுத்தா? நீங்க குடுத்தீங்களா? தேச்சுத் தேச்சுப் பாத்தேன். புள்ளைங்க பசின்னு அழுதுச்சு. பட்டினி போடச் சொல்றீங்களா?"

அவள் கண்ணில் இருந்தது கோபமா, குற்ற உணர்வா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றே பழியைக் கங்காணியின் பக்கம் தள்ளுகிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு, தான் கேட்காமல் அவளாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவர் ஹாலிஎலைக்கு இறங்கிப் போனார். ஜாபிரின் கருவாட்டுக் கடை வாசலில் இத்ரூஸ் பொதிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிபிலைப் பக்கத்திலிருந்து தவளம் ஓட்டிவரும் முஸ்லிம் மனிதர்; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் நானா என்றே கூப்பிடுவார்கள். தாழ்நிலத்துக் குளங்களையெல்லாம் அறிந்தவர். சிவஞானம் விலங்கின் அடையாளங்களைச் சொல்லச் சொல்ல இத்ரூஸ் பொதி அவிழ்ப்பதை நிறுத்திவிட்டார்.

"மஞ்சள், கறுப்புப் பட்டையா? கணக்கப்புள்ள, அது கபரகொயா இல்ல. மொதலைக் குட்டி."

"நானா, இந்தக் குளுருல மொதலை எங்கேருந்து வரும்?"

இத்ரூஸ் தாடியைச் சொறிந்தார். கடைக்குள் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார்.

"பதுளையில ஒரு வெள்ளக்காரன் ஆசப்பட்டுக் கேட்டான். பன்புல்லுப் பையில போட்டுக் கொண்டு வந்தன். ஒங்கட தோட்டத்துச் சந்தியில மாட்டுக்குத் தண்ணி காட்டக்குள்ள பையக் கிழிச்சிக்கொண்டு போயிட்டு. தவளக்காரன்ட பையில இருந்து மொதலை ஓடினா சரக்க எவன் நம்பித் தருவான்? அதான் வாயத் தொறக்கல்ல."

"வாயத் தொறக்காம இருந்ததுல ஒரு பொம்பளைக்கு வேலை போகப் போகுது."

"அல்லாவே! எனக்கென்ன தெரியும்?"

இத்ரூஸ் கூடவே தோட்டத்துக்கு வந்தார். பெரியாயியின் டின்னருகே குந்தி உட்கார்ந்து கையை மேலே கொண்டுபோனார். குட்டி உப்பி எழும்பி வாயைத் திறந்தது.

"இப்பப் பாருங்க உள்ளுக்கு. கபரகொயாட நாக்கு பாம்புட நாக்கு மாதிரி ரெண்டாப் பொளந்து, வெளிய வந்து வந்து போகும். மொதலைக்கு நாக்கு அடியோட ஒட்டிக் கெடக்கும். நீட்டவே ஏலா. வெளங்குதா?"

சிவஞானம் குனிந்து பார்த்தார். மஞ்சள் படர்ந்த வாய்க்குள் நாக்கு தரையோடு தரையாக அசையாமல் கிடந்தது. இத்ரூஸ் வாலின் அடியைப் பிடித்துத் தூக்கியதும் குட்டி முறுக்கிக்கொண்டு, கோழிக்குஞ்சுக்கும் தவளைக்கும் நடுவே ஒரு குரலில், விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது.

"தாயக் கூப்பிடுது," என்றார் இத்ரூஸ். "ஒருக்கா கொளத்தங்கரையில ஒண்டப் புடிச்சன். இது கத்தின கத்துல கொளமே எழும்பி வந்த மாதிரி தாய் வந்துட்டு. நான் ஓடின ஓட்டத்துல செருப்பு இன்னும் அங்கதான் கெடக்கு."

"இங்க கத்துனா யாரு வருவா?" என்று கேட்டாள் பெரியாயி.

"இங்க யாரக்கா வாற!" என்று இத்ரூஸ் சிரித்தார். அவள் குட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மணலில் விட்டாள். "பேசாமத் தாங்க அக்கா, போறபோது பிபிலக் கொளத்துலயே உட்டுட்டுப் போறன்," என்று அவர் சொன்னதற்கு அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று மாலை சிவஞானம் இராமையாவைத் தனியே பார்த்து, அது முதலைக் குட்டி என்றார். கங்காணி கையை வீசினார்.

"தவளக்கார நானா சொன்னா ஆச்சா?"

"பானைக்கு எதுக்குக் கங்காணி அவசரமா ஈயம் பூசுனீங்க?"

இராமையா கிட்டே வந்தார். குரல் தாழ்ந்து, மரியாதை கூடிற்று. "பேத்திக்கு முடியாமக் கெடக்கு. இந்த நேரத்துல இப்புடிக் கேக்குறீங்க. ஐயாவும் இந்தத் தோட்டத்துல இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கணும். ஆளுக எம் பேச்சக் கேக்குற வரைக்குந்தான் ஐயா தராசுல கொழுந்து வந்து விழும்."

சிவஞானத்துக்கு வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். தராசும் வேண்டும், தலையும் குனியக் கூடாது என்று நினைக்கிற மனிதர்கள் கண்டுபிடிக்கும் நடுவழியை அவரும் கண்டுபிடித்தார். பெரியாயியிடம் போய்ச் சொன்னார்:

"நாளைக்குப் பெரட்டுல குட்டியக் கூடையில கொண்டா. எல்லாருக்கும் முன்னால அது வாயத் தொறக்கணும், நாக்கப் பாக்கணும், அவ்வளவுதான். கபரகொயா இல்லன்னு தெரிஞ்சா ஒம் மேல பழி இல்ல. பானையப் பத்தி நீயும் பேசாத, நானும் பேசல."

"அப்ப புள்ளைங்களுக்கு எதுனால வந்துச்சாம்?"

"எதுனாலயோ வந்துச்சு. தேறிருச்சுல்ல? கங்காணி பேத்தியும் இன்னைக்குக் கஞ்சி குடிச்சுச்சாம்."

பெரியாயி அவரையே பார்த்தாள். தோள் உயரவில்லை, மூச்சும் சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்கு வினோதமாக இருந்தது.

"சரிங்க," என்றாள்.

பெரட்டுக் களத்தில் பனி கலையாத நேரம். பெண்கள் கூடைகளை முதுகில் மாட்டியபடி ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம். சில தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவற்றில் ஒரு பிள்ளை பெரியாயியைக் கண்டதும் கையை நீட்டிற்று. தாய் அந்தக் கையை மடக்கிக்கொண்டாள். இராமையா நடுவில் நின்றார். அழகர் மூங்கில் குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டு தயாராக இருந்தான்.

பெரியாயி மூடிபோட்ட பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"தொறடி," என்றார் இராமையா.

"சும்மா தொறந்தா வாயக் காட்டாதே கங்காணி," என்றான் அழகர். "குளுருல மரக்கட்டையாக் கெடக்கும். கண்ணோரமா ஒரு குத்து, வாலுல ஒரு மிதி. அப்பத்தான் பொளக்கும். எங்க வீட்டுக்காரியும் அப்புடித்தான்."

சில ஆண்கள் சிரித்தார்கள். பெரியாயி கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள்.

"குத்தணுமா?"

"லேசாத்தான்," என்றார் சிவஞானம். "ஒரு நிமிசம். எல்லாரும் பாத்துட்டா முடிஞ்சுது. தொற, பெரியாயி."

அவள் கூடையின் மூடிமேல் கையை வைத்தாள். களத்தில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்டது. அவள் மூடியைத் திறக்கவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். பிசகிய இடுப்பு, ஒருபக்கம் சாய்ந்தது. திரும்பி, களத்தைத் தாண்டி, ஓயா எனப்படும் ஆற்றுக்கு இறங்கும் படிவழியில் நடக்கத் தொடங்கினாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" இராமையாவின் குரல் எழும்பியது. "தொறந்தா தெரிஞ்சிரும்னு ஓடுறா! இதுக்கு மேல என்னய்யா சாட்சி?"

கூட்டம் இரைந்தது. சிவஞானத்துக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. உள்ளே இருப்பது முதலை என்பதைத் தம் கண்ணால் பார்த்தவர் அவர். தாம் கட்டிக் கொடுத்த நடுவழியை அவள் காலால் தட்டிவிட்டுப் போய்விட்டாள். இனி அவர் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். வாயை மூடிக்கொண்டால் அவள் இன்றைக்கே தெருவில் நிற்பாள். திறந்தால் கங்காணி முகத்தின் முன்னால் திறக்க வேண்டும். இதற்காகவே அப்படிச் செய்தாளோ என்ற சந்தேகமும் அந்த நெருக்கடியில் அவருக்கு வந்துபோயிற்று. அப்படி நினைத்துச் செய்யக்கூடியவள் அல்ல என்று சொல்லும் அளவுக்கு அவளை அவர் அறிந்திருக்கவில்லை.

"கங்காணி," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "அது மொதலைக் குட்டி. நான் நாக்கப் பாத்தேன். புள்ளைங்களுக்கு வந்தது பானைக் களிம்பால. ஈயம் பூசச் சொல்லித் தீவாளிக்கு முந்தியே உங்ககிட்ட அவ கேட்டிருக்கா. நீங்க பூசல. வாந்தி எடுத்த மறுநாளு பூசுனீங்க."

இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி மெதுவாக, "ஆமா, நானும் பாத்தேன், ஈயக்காரன் வந்துட்டுப் போனான்," என்றாள். இன்னொருத்தி, "பச்சையாத்தான் கெடந்துச்சு அந்தப் பானை," என்றாள்.

இதைத் துணிவு என்று சொல்வதற்கில்லை. வேறு வழி அடைபட்ட பிறகு எஞ்சிய வழியில் ஒரு மனிதர் நடந்தார், அவ்வளவுதான். அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடவும் இல்லை. பானைக் கதை துரையின் காதுக்குப் போனது. அவர் கங்காணியை ஏசினார், புதுப் பானை வாங்க உத்தரவு போட்டார். இராமையா கங்காணியாகவே இருந்தார். சிவஞானம் அடுத்த வருஷம் தெமோதரைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார். அவராகப் போனாரா, போக வைத்தார்களா என்பதை அவர் சொன்னதில்லை. பெரியாயி பிள்ளைக் காம்பராவிலேயே இருந்தாள். சில தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சிலர் கடைசிவரை விடவில்லை. கேள்வி கேட்டவர்களிடம் அவள் முன்போலவே சீறினாள்.

சிவஞானத்துக்கு விளங்காமல் போனது ஓயாக்கரையில் நடந்ததுதான். களத்தில் பேசி முடித்ததும் அவர் படிவழியில் பாதி தூரம் இறங்கிப் போனார். கீழே, பாறைகளுக்கு நடுவே, அவள் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அன்றே திரும்பிப் போகவிருந்த இத்ரூஸ் மாடுகளோடு அக்கரைப் பாதையில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கால தாங்க அக்கா! நான் கொண்டு போறன்! ஆத்துல உடாதீங்க, கீழ துன்ஹிந்த அருவி இரிக்கி! அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்தா உருப்படாது! கேக்குதா?"

கேட்டிருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி மேலே நின்ற சிவஞானத்துக்கே கேட்டது. அவள் ஒருமுறை நிமிர்ந்து இத்ரூஸைப் பார்த்தாள், மாடுகளைப் பார்த்தாள், மாட்டின் முதுகில் தொங்கிய பன் பைகளை, குட்டி முதலில் அடைபட்டு வந்த மாதிரிப் பைகளை, பார்த்தாள். பிறகு குனிந்து கூடையின் மூடியைத் தானே திறந்து, பக்கவாட்டில் சாய்த்தாள். குட்டி வாயைத் திறக்கவில்லை. உடம்பை உப்பவும் இல்லை. சிறிது நேரம் அவள் காலருகே, மூக்கு நுனியும் கண்களும் மட்டும் மேலே தெரிய, அசையாமல் மிதந்தது. பெரியாயி காலை அசைக்காமல் நின்றாள். ஒரு சுழி வந்தது, மஞ்சளும் கறுப்பும் ஒருமுறை புரண்டன, அப்புறம் தண்ணீர் மட்டும்.

அவள் கூடையை அலசி, கவிழ்த்து உதறி, படியேறி வந்தாள். அவரைக் கடக்கும்போது அவர் கேட்டார், ஏன் என்று. அவள் நிற்கவில்லை.